கொசுவுக்குள் ஒரு குடித்தனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதுச்சேரியில் ஏதோ பாக்டீரியா ஏற்றிய கொசுவை வளர்க்கிறார்களாம், ஊருக்குள் விடப்போகிறார்களாம். போன வருஷம் டெங்கு வந்து என் பையன் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இருக்கிற கொசு போதாதா?
– வாசகி, கடலூர்

பதில்: நியாயமான கேள்வி. முதலில் கேள்விப்பட்டபோது எனக்கும் 'இது என்னடா கூத்து' என்றுதான் இருந்தது.

அந்த பாக்டீரியாவின் பெயர் வோல்பாச்சியா. 1924-ல் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கொசுவுக்குள் கண்டுபிடித்தது. பழ ஈ, பட்டாம்பூச்சி என்று உலகத்துப் பூச்சி இனங்களில் ஏறத்தாழ பாதிக்குள் இது குடியிருக்கிறது. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்குள் இயற்கையில் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீல் என்ற விஞ்ஞானியின் குழுவினர் பல வருஷம் மல்லுக்கட்டி, பழ ஈயில் இருந்த வோல்பாச்சியாவை நுண்ணிய ஊசியால் ஏடிஸ் முட்டைக்குள் ஏற்றினார்கள். இது உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவின் உடம்பில் பெருக முடியாமல் திணறுகிறது. எச்சில் வரை போய்ச் சேர்ந்தால்தானே நமக்கு வரும்! கொசு சாவதில்லை, கடிக்கத்தான் செய்யும், ஆனால் டெங்குவைக் கொடுக்கிற வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. வோல்பாச்சியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பெண்ணுக்கு இருந்தாலோ, ஆணுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கெல்லாம் வந்துவிடும். அதாவது, தாய்வழிச் சொத்து மாதிரி. கொஞ்ச மாதம் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பகுதிக் கொசு பெரும்பாலும் இந்த வகையாகவே மாறிவிடும், அப்புறம் பெரும்பாலும் புதிதாக விட வேண்டியதில்லை. 2011-ல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பக்கம் முதலில் விட்டுப் பார்த்தார்கள். பெரிய சோதனை இந்தோனேஷியாவின் யோக்யகர்த்தாவில். நகரத்தை 24 பகுதியாகப் பிரித்து, பாதியில் மட்டும் வீட்டு ஓரங்களில் சின்ன வாளி வைத்தார்கள், உள்ளே தண்ணீர், கொசு முட்டை, கொஞ்சம் மீன் தீனி, அவ்வளவுதான். 2021-ல் முடிவு வெளியானது: வாளி வைத்த பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு, ஆஸ்பத்திரியில் சேரும் நிலை 86 சதவீதம் குறைவு. டெங்குவுக்கு எதிராக இப்படி ஒரு எண்ணிக்கையைப் பார்ப்பது அபூர்வம்.

நீங்கள் சொல்கிற புதுச்சேரி வேலையைச் செய்வது விசிஆர்சி, அதாவது கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த ஆராயும் மத்திய அரசு ஆய்வு மையம். ஆஸ்திரேலியாவிலிருந்து முட்டை வாங்கி, நம்மூர் ஏடிஸோடு கலந்து இரண்டு ரகம் உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தார்கள். ஆய்வகத்தில் வளர்ப்பது வேறு, வெளியில் விடுவது வேறு. அதற்கு அரசு அனுமதி வேண்டும். இரண்டு ரகம் எதற்கு என்றால், ஒன்று கடும் வெயிலில் சற்றுச் சோர்ந்துவிடும், இன்னொன்று வெயில் தாங்கும். நம் கத்திரி வெயிலுக்கு எனக்கு இரண்டாவதன் மேல்தான் நம்பிக்கை.

கேள்வி: அந்தக் கொசு கடித்தால் பாக்டீரியா நமக்குத் தொற்றாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: தொற்றாது. நம் உடம்புக்குள் அதனால் பிழைத்துப் பெருக முடியாது. இதைவிட நல்ல பதில் ஒன்று உண்டு: ராத்திரி உங்கள் காதில் ரீங்காரமிடும் சாக்கடைக் கொசு க்யூலெக்ஸ் இருக்கிறதே, அதற்குள் வோல்பாச்சியா இயற்கையாகவே இருக்கிறது. நீங்களும் நானும் பிறந்த நாளிலிருந்து அதனிடம் கடி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். கடியே வேண்டாம் என்றால் சிங்கப்பூர் வழி இருக்கிறது, அங்கே ஆண் கொசுவை மட்டும் விடுகிறார்கள். ஆண் கடிக்காது, முட்டையும் பொரிக்காமல் போகும், ஆனால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தொட்டியில் ஊற்றுவதும் பாக்டீரியாதானா? குடிக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தொட்டியில் ஊற்றுவது பெரும்பாலும் அபேட், அது ரசாயனம், டெமிபாஸ் என்று பெயர். எதை ஊற்றுகிறீர்கள் என்று அவர்களையே கேளுங்கள், சொல்வார்கள். பாக்டீரியா மருந்து வேறு, பி.டி.ஐ. என்பார்கள். 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் செத்த கொசுப்புழு மிதந்த ஒரு குட்டையிலிருந்து எடுத்தது. வோல்பாச்சியாவுக்கு நேர் எதிர் இது, குடியிருக்காது, கொன்றுவிடும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் கொசுப்புழுத் தண்ணீரை எடுத்துப் பாருங்கள். வாலை மேலே மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, கண்ணில் பட்ட துகளையெல்லாம் வாய்க்குள் வாரிப் போட்டுக்கொண்டே இருக்கும். பி.டி.ஐ. துகளையும் அப்படித்தான் விழுங்கும். அதிலுள்ள புரதப் படிகம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து விஷமாகி, குடல் சுவரை ஓட்டை போடும். ஒரு நாளுக்குள் கதை முடிந்தது. நம் வயிறு அமிலம், அந்த விஷம் பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. குடிநீரில் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்ற தயாரிப்புகளும் உண்டு, ஆனால் சாக்கடைக்கென்று தயாரித்த டப்பாவைக் கொண்டுவந்து சம்பில் கொட்டிவிடாதீர்கள்.

குறையும் உண்டு. ஒன்றிரண்டு வாரத்தில் வீரியம் போய்விடும், திரும்பப் போட வேண்டும். டம்ளரில் கமா மாதிரி சுருண்டு துள்ளுமே, அந்தக் கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் அதற்கு இது ஒன்றும் செய்யாது. இன்று மருந்து போட்டும் நாளைக்குக் கொசு கிளம்பினால் மருந்து டூப்ளிகேட் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: பி.டி.ஐ.யைத் தயிர் மாதிரி வீட்டிலேயே உறை ஊற்றிப் பெருக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. செய்யலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம் சார். அந்த வாளியில் பி.டி.ஐ. வளர்கிறதா, வயிற்றைக் கலக்கும் அதன் பங்காளி பாக்டீரியா வளர்கிறதா என்று பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் ட்ரேயை இழுத்துத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். தேய்த்து என்று சொன்னதைக் கவனியுங்கள், ஏடிஸ் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.