அமெரிக்கக் கால்பந்தில் பந்தைத் தொடாத ஆஃபென்சிவ் லைன்மேனின் ஆட்ட வாழ்க்கை எப்படி இருக்கும்?

பந்தை எறிவதில்லை, பிடிப்பதில்லை, ஓடிப் புள்ளி எடுப்பதில்லை, அப்படிப்பட்டவருக்கு ஏன் கோடிக்கணக்கில் சம்பளம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒருவரை வைத்துச் சொல்கிறேன். அவரோடு நேரில் பேசியதில்லை. ஆனால் அவர் ஆடியதை ஐந்து பருவங்கள் விடாமல் பார்த்தவன் நான்.

2013 முதல் 2018 வரை வேலைக்காக ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாண்டில் இருந்தேன். அந்த ஊர் அணி பிரவுன்ஸ். முதல் முறை மைதானத்துக்குப் போனபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மைதானம் ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது, காற்று எலும்பு வரை போகும். கூட்டிப் போன அலுவலக நண்பர், அறுபதை நெருங்கியவர், ஒன்றே ஒன்று சொன்னார்: "பந்தைப் பார்க்காதே. இடது பக்கம் நிற்கிற 73-ஐ மட்டும் பார்."

அந்த 73-ஆம் எண் சட்டைக்காரர் ஜோ தாமஸ்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பந்து தங்கள் அணியிடம் இருக்கும்போது முன்வரிசையில் நிற்பதுதான் ஆஃபென்சிவ் லைன். அதில் ஐந்து பேர்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், வெளியே இரண்டு டேக்கிள்கள். சென்டர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பார், அதற்கு ஸ்நாப் என்று பெயர். மற்ற நால்வருக்கும் பொதுவாக அதுகூட இல்லை. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை எதிராளி போய்ச் சேராமல் மறிப்பதும், பந்தோடு ஓடுகிறவருக்கு வழி திறப்பதும்தான் இவர்கள் வேலை. குவார்ட்டர்பேக் வலது கைக்காரராக இருந்தால் எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடது பக்கம் இருக்கும். அங்கிருந்து வருபவன் அவர் கண்ணில் படமாட்டான். அந்த முதுகைக் காப்பவர் இடது டேக்கிள். சம்பளத்துக்கான காரணம் இதிலேயே பாதி வந்துவிட்டது. எறிகிறவர் ஒருவர் அடிபட்டால் அணியின் வருடமே போய்விடும்.

நண்பர் சொன்னபடி பார்க்க ஆரம்பித்தேன். ஸ்நாப் ஆனதும் தாமஸின் இடது கால் பின்னால் போகும், பிறகு சின்னச் சின்ன எட்டுகளாக, கிட்டத்தட்ட நண்டு மாதிரி, பக்கவாட்டிலும் பின்னாலும் நகர்வார். எதிரே வருபவன் முழு வேகத்தில் முன்னோக்கி ஓடி வருகிறான். இவர் அதற்கு ஈடாகப் பின்னோக்கிப் போயாக வேண்டும், சாயக் கூடாது, உள்ளங்கைகளை அவன் மார்பில் வைக்க வேண்டும். கை வெளியே போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், அணிக்கு 10 கெஜம் நஷ்டம். ஸ்நாப்புக்கு முன் அசைந்துவிட்டால் 5 கெஜம். எல்லாம் மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். 198 சென்டிமீட்டர் உயரமும் சுமார் 140 கிலோ எடையும் உள்ள ஒரு மனிதர் அவ்வளவு லேசாகக் கால் வைப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதோடு, ஒரே மாதிரி இரண்டு முறை பின்வாங்க மாட்டார். ஒரு தடவை ஆழமாகப் போவார், அடுத்த தடவை சட்டென்று முன்னால் வந்து மோதிவிடுவார். எதிராளியால் அவருக்குக் கணக்குப் போட முடியாது. பால்டிமோரின் டெரல் சக்ஸ், பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசன் போன்றவர்கள் அதே பிரிவு அணிகளில் இருந்தார்கள், வருடத்துக்கு இரண்டு முறை வருவார்கள். ஓய்வாக ஆட வாரமே கிடையாது.

இவர் விஸ்கான்சின்காரர், 1984-இல் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது குண்டும் வட்டும் எறிந்தார். 2006 ஜனவரியில் ஒரு போட்டியில் ஆள் போதாமல் தடுப்பாட்டப் பக்கம் இறங்கி ஆடியபோது முழங்கால் தசைநார் கிழிந்தது. மீண்டு வந்து அதே ஆண்டு, கல்லூரி லைன்மேன்களில் சிறந்தவருக்குத் தரும் அவுட்லேண்ட் கோப்பையை வென்றார். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2007-இல் பிரவுன்ஸ் மூன்றாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. நட்சத்திரங்கள் நியூயார்க் மேடையில் கோட்டு சூட்டோடு காத்திருந்த அந்த நாளில், இவர் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த வேலைக்கான மனசு அவருக்கு அன்றே இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய முதல் போட்டி பிட்ஸ்பர்க்கோடு. 34-7 என்று தோல்வி. ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக் சார்லி ஃப்ரையைப் பாதியிலேயே வெளியே எடுத்தார்கள், இரண்டு நாளில் வேறு அணிக்கு அனுப்பியும் விட்டார்கள். அங்கிருந்து தொடங்கி அவர் ஓய்வு பெறும்வரை பிரவுன்ஸுக்கு 20 பேர் குவார்ட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கினார்கள். தலைமைப் பயிற்சியாளர்கள் ஆறு பேர் வந்து போனார்கள். எறிகிறவர் எவ்வளவு நேரம் பந்தை வைத்திருப்பார், எந்தப் பக்கம் ஓடுவார் என்று பழகுவதற்குள் ஆள் மாறிவிடுவார். லைன்மேனுக்கு இது சாதாரணக் கஷ்டம் இல்லை, ஏனென்றால் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்க்காமலேதான் காக்க வேண்டும்.

அந்த 11 பருவங்களில் பிரவுன்ஸ் வென்றது 48 போட்டிகள், தோற்றது 128. பருவ இறுதியில் சிறந்த அணிகள் மோதும் பிளே-ஆஃப் ஒருமுறைகூட இல்லை. 2015-இல் அவரை டென்வர் வாங்கப் பேச்சு நடந்தது, கடைசி நேரத்தில் படியவில்லை. அந்தப் பருவத்தில் டென்வர்தான் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது. அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் இதையே பேசினார்கள். போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அவருக்காக வருத்தப்பட்டவர்களும், அவர் போகாததில் நிம்மதி அடைந்தவர்களும் ஒரே ஆட்களாகவே இருந்தார்கள். நானும் அப்படித்தான்.

இதையெல்லாம் வைத்துத்தான் 10,363 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். 2007-இல் முதல் ஸ்நாப் ஆடியதிலிருந்து அவர் தொடர்ந்து ஆடிய ஸ்நாப்களின், அதாவது ஸ்நாப்பில் தொடங்கும் ஆட்டத் துண்டுகளின், எண்ணிக்கை அது. நடுவில் ஒன்றைக்கூட விடவில்லை. 30 புள்ளி பின்தங்கி, மைதானம் பாதி காலியான பிறகும் 73 அங்கே நிற்பார், அதே கவனத்தோடு கால் வைப்பார். 1999-இல் கணக்கு வைக்கத் தொடங்கிய பிறகு இதைவிட நீளமான தொடர் இல்லை என்று சொல்கிறார்கள். முதல் பத்து ஆண்டுகளும், அந்தந்தப் பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானார். 2011-இல் அணி தந்த ஏழு ஆண்டு ஒப்பந்த நீட்டிப்பு 8 கோடி டாலருக்கும் மேல்.

விலையும் கொடுத்தார். அந்த எடையைத் தக்கவைக்கப் பசி இல்லாதபோதும் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கடைசி ஆண்டுகளில் முழங்கால்களுக்காகப் பயிற்சி நாட்களைக் குறைத்தார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே, 2017-இல், தனக்கு நினைவு மறக்கத் தொடங்கியிருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்த பிறகு நான் ஒவ்வொரு மோதலையும் வேறு கண்ணோடுதான் பார்த்தேன். சம்பளத்துக்கான காரணத்தில் மீதிப் பாதி இதுதான்.

2017 அக்டோபர் 22, டென்னசியோடு போட்டி. வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கால்பகுதியில் பந்தோடு ஓடும் ஆட்டம் ஒன்று, யாருமே கவனிக்காத வகை. அது முடிந்ததும் 73 இடது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தார். மேற்கையின் பின்தசை கிழிந்திருந்தது. நண்பருக்குப் போன் போட்டேன். எடுத்தார், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அடுத்த ஸ்நாப்புக்கு அந்த இடத்தில் ஸ்பென்சர் டிராங்கோ வந்து நின்றார். அந்தப் பருவம் பிரவுன்ஸ் 16 போட்டிகளிலும் தோற்றது. 2018 மார்ச்சில் தாமஸ் ஓய்வை அறிவித்தார், பிறகு 20 கிலோவுக்கு மேல் இளைத்துப் படங்களில் அடையாளமே தெரியாமல் போனார்.

2023 ஆகஸ்டில், தகுதி வந்த முதல் ஆண்டிலேயே, கிளீவ்லாண்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள கேன்டன் ஊரின் அமெரிக்கக் கால்பந்துப் புகழரங்கத்தில் அவரைச் சேர்த்தார்கள். நான் அப்போது அந்த ஊரில் இல்லை. நண்பர் போயிருந்தார். அவர் அனுப்பிய படத்தில் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் அணிந்திருந்தது குவார்ட்டர்பேக்கின் சட்டை இல்லை, 73.