இரவில் தூங்கவிடாத முழங்கால் வலி

கேள்வி: உசிலம்பட்டியில் இருக்கும் என் அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. வீட்டிலேயே உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்டிக் கொடுக்கிறார். எக்ஸ்ரே பார்த்து மூட்டுத் தேய்மானம் என்றார்கள். பகலில் சமாளித்துவிடுகிறார், நள்ளிரவில் வலியோடு விழித்துக்கொள்கிறார். மருந்துக்கடையில் தரும் மாத்திரையைப் போட்டால்தான் தூக்கம் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மாத்திரை என்னவென்று பாருங்கள். அட்டை இல்லாமல் பொட்டலமாக மடித்துத் தருவதில் வலி நிவாரணியும் சில சமயம் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், வயிற்றில் புண் உண்டாக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். பல வாரமாகத் தினமும் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டாக இருந்தால் அப்படி நிறுத்துவதே ஆபத்து. மிச்சமிருக்கும் மாத்திரைகளோடு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சர்க்கரை இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பகலில் பொறுக்க முடிகிற வலி இரவில் ஏன் பெரிதாகிறது? பகலில் வேலையும் பேச்சும் கவனத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. படுத்தபின் வலி மட்டுமே மிஞ்சுகிறது. வீக்கத்தை அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பும் முன்னிரவிலிருந்து நள்ளிரவு வரை மிகக் குறைவு. அசையாமல் கிடக்கும் மூட்டு இறுகிப்போய், புரண்டு படுக்கும்போது சுரீர் என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பகலில் மூட்டின் மேல் ஏறிய சுமையால் உள்ளே இருக்கும் சவ்வு வீங்கி, அந்த வலி சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரிகிறது. அதனால் உங்கள் அம்மாவுக்கு முக்கியமாக மாற வேண்டியது பூக்கட்டும் விதம் என்பதே எங்கள் கருத்து.

சம்மணம் போட்டோ ஒரு காலை மடக்கியோ மணிக்கணக்கில் உட்கார்ந்தால் முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்திக்கொண்டே இருக்கும். 18 அங்குல உயர நாற்காலியில் அவரை உட்கார வையுங்கள். பூத்தட்டை மடியில் வைக்காமல் எதிரே ஸ்டூலில் வையுங்கள், இல்லாவிட்டால் முதுகு குனிந்து வேறு வலி தொடங்கும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வீட்டுக்குள் இரண்டு நிமிடம் நடக்கட்டும். கழிப்பறை குந்தி உட்காரும் வகை என்றால், மேலே வைக்கும் கமோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். இதை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். முழங்காலுக்கு மாத்திரையைவிட அதிகம் உதவும்.

படுக்கும் முறையில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். முட்டி லேசாக மடங்கியிருக்கும்போது மூட்டுக்குள் அழுத்தம் குறைவதால், முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். மாதக்கணக்கில் அப்படியே தூங்கினால் தசைகள் குறுகி, காலை முழுதாக நீட்ட முடியாமல் போய்விடும். நடக்கும்போது வலியும் கூடும். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாளோடு அதை நிறுத்திவிடுங்கள். ஒருக்களித்துப் படுத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளும் தலையணையை இரு கால்களுக்கும் நடுவே வைப்பது நல்லது. முட்டிக்குச் சற்றுக் கீழே, உள்பக்கம் தொட்டால் வலிக்கிறவர்களுக்கு இது குறிப்பாக உதவும். இரண்டு முட்டியும் உரசுவதால்தான் அந்த இடம் இரவில் வலிக்கிறது. பாயிலிருந்து எழுவது முழங்காலுக்குப் பெரிய சுமை, கட்டிலுக்கு மாறுங்கள்.

தூங்குவதற்கு முன் ஒத்தடம் கொடுக்கலாம். இறுக்கம் மட்டும் என்றால் வெந்நீர் ஒத்தடம். முட்டி வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ். எதுவானாலும் 15 நிமிடம் போதும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும். அதனால் சூட்டை நீங்கள் உங்கள் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மாத்திரைக்கு முன் முயல வேண்டியது டைக்ளோஃபெனாக் ஜெல். பொட்டு வைப்பதுபோலத் தடவினால் பலன் இருக்காது. 1 சதவீத ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு அதிகபட்சம் நான்கு வேளை. சில்லின் மேல் மட்டுமல்ல, இரு பக்கங்களிலும் தடவ வேண்டும். ஜெல் தடவிய இடத்தில் ஒத்தடம் கூடாது. ஒரு வாரமாவது தொடர்ந்தால்தான் பலன் தெரியும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் இதையும் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

தொடைத் தசையைப் பலப்படுத்தாமல் நீடித்த நிவாரணம் கிடையாது. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி 5 விநாடி அழுத்தி விடச் சொல்லுங்கள். காலுக்கு 10 தடவை, காலையும் மாலையும். ஒரு வாரம் கழித்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மறு காலை நேராக ஓர் அடி உயர்த்தி 5 விநாடி நிறுத்துவதைச் சேருங்கள். செய்யும்போது சிறிது வலிக்கலாம். மறுநாள் காலையிலும் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், விட்டுவிட வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாகும். பெரும்பாலானோர் இரண்டாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். உடல் எடை அதிகமென்றால், ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது.

எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவதாலேயே வலி அதனால்தான் என்று முடிவு கட்டக்கூடாது. பாதத்தில் எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறாக இருக்கலாம். வலி இடுப்பிலிருந்து மின்னல்போல் இறங்கினால் முதுகுத்தண்டுப் பிரச்சினையாக இருக்கலாம். காலையில் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதமாக இருக்கலாம். இவற்றுக்கான சிகிச்சை வேறு.

முட்டி திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், விழுந்தபின் கால் ஊன்ற முடியாமல் போனால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எப்படிப் படுத்தாலும் குறையாத வலியோடு உடல் மெலிந்துகொண்டே வந்தால் ஓரிரு நாளில் காட்ட வேண்டும்.

பிசியோதெரபிக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை வரை அலைய முடியாவிட்டால், 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கப் போகும்போதே அம்மாவின் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.