கேள்வி-பதில்: ஹார்ட் பாப் தட்டுகள், பழசா மறுபதிப்பா?

கே: ஜாஸில் இதுவரை மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன். ஹார்ட் பாப் என்று தேடினால் நூறு பெயர் வந்து விழுகிறது. எதில் தொடங்கலாம், எந்தப் பதிப்பை வாங்கலாம்? - வாசகர், கோவை

ப: மூன்று தட்டு போதும். ஆர்ட் பிளேக்கியின் 'மோனின்' (பதிவான நாள் 30 அக்டோபர் 1958), சானி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்' (5 ஜனவரி 1958), ஹேங்க் மோப்ளியின் 'சோல் ஸ்டேஷன்' (7 பிப்ரவரி 1960). மூன்றும் ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடு. மூன்றையும் பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். முதல் இரண்டும் நியூ ஜெர்சியில் ஹேக்கன்சாக் ஊரில் அவருடைய பெற்றோர் வீட்டு முன்னறையில் பதிவானவை. மூன்றாவது, 1959-ல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் அவர் கட்டிய ஸ்டூடியோவில்.

முதலில் 'மோனின்' தலைப்புப் பாட்டைப் போடுங்கள். பஜனையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்வார்களே, அதேபோல பாபி டிம்மன்ஸ் பியானோவில் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார்; லீ மார்கனின் ட்ரம்பெட்டும் பென்னி கோல்சனின் டெனர் சாக்ஸபோனும் இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். கறுப்பினத் தேவாலயத்துப் பாட்டையும் ப்ளூஸையும் பீபாப் என்ற விரைவு ஜாஸின் வேகத்தோடு சேர்த்ததுதான் ஹார்ட் பாப்; அதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 'கூல் ஸ்ட்ரட்டின்' அமெரிக்காவில் அன்று கவனிக்கப்படாமல் போனது. அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் ஜப்பானியர்கள். கிளார்க் 1963-ல் 31 வயதிலேயே இறந்துவிட்டார்.

பதிப்பைப் பொறுத்தவரை ப்ளூ நோட்டின் 'கிளாசிக் வினைல்' வரிசையே போதும். மூன்று தட்டும் அதில் உண்டு. 'டோன் பொயட்' வரிசையில் விலை கூடுதல், உறை மடித்துத் திறக்கும் கனத்த அட்டை. இரண்டு வரிசைக்கும் லாக்கர், அதாவது அழுத்தும் அச்சுக்கு மூலமான தகடு, வெட்டுபவர் கெவின் கிரேதான். அழுத்துவது மட்டும் வேறு இடம்: டோன் பொயட் கலிஃபோர்னியாவில் ஆர்.டி.ஐ. ஆலை, கிளாசிக் வினைல் ஜெர்மனியில் ஆப்டிமல் ஆலை. கூடுதல் பணத்தில் பெரும்பங்கு உறைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். 2014-ல் வந்த 75-ஆம் ஆண்டு வரிசை டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியது. புதியவை கையில் கிடைக்கும்போது அதைத் தேடிப் போக வேண்டாம்.

கே: தெரிந்த ஒருவர் 'ஒரிஜினல் ப்ளூ நோட், 1958' என்று ஒரு தட்டை நல்ல விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். லேபிளில் நியூயார்க் விலாசம் இருக்கிறது. நம்பலாமா? - வாசகர், சென்னை

ப: உறையையும் லேபிளையும் அப்புறம் பாருங்கள். முதலில் தட்டை விளக்குக்கு அடியில் சாய்த்து, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே பாட்டில்லாமல் வழுவழுப்பாக இருக்கும் வளையத்தைப் பாருங்கள். சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது.

அங்கே மூன்றைத் தேட வேண்டும். ஒன்று, தட்டு எண். மோனோ என்றால் பி.எல்.பி., ஸ்டீரியோ என்றால் பி.எஸ்.டி. என்ற வரிசை, உதாரணமாக சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெய்ன்' மோனோ பி.எல்.பி. 1577. இரண்டு, வான் கெல்டரின் அடையாளம். 1950-களில் ஆர்.வி.ஜி. என்ற மூன்று எழுத்தைக் கையால் கீறியிருப்பார். பின்னாளில் அது அச்சு முத்திரையாக மாறி, பிறகு 'வான் கெல்டர்' என்று முழுப்பெயராகவே வந்தது. மூன்றாவதுதான் முக்கியம்: காதுபோலச் சுருண்ட ஒரு சின்னக் குறி. கையெழுத்தில் எழுதிய ஆங்கில 'பி' என்றும் சொல்லலாம். அது பிளாஸ்டிலைட் என்ற அழுத்தும் ஆலையின் குறி. சேகரிப்பவர்கள் அதைக் 'காது' என்றே சொல்வார்கள். ப்ளூ நோட் 1966 வரை தட்டுகளை அங்கேதான் அழுத்தியது.

இனிக் கணக்குப் போடலாம். 1965-ல் ப்ளூ நோட் லிபர்ட்டி என்ற வேறொரு இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. கைமாறியபோது பழைய உலோக அச்சுகளும் போயின, மீந்த லேபிள் தாள்களும் போயின. ஆகவே நியூயார்க் லேபிள் ஒட்டி, வான் கெல்டர் முத்திரையோடு, காது மட்டும் இல்லாத தட்டுகள் ஏராளம். அவை 1966-க்குப் பிறகு லிபர்ட்டி காலத்தில் அழுத்தியவை. லேபிளை மட்டும் நம்பி வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். ஆனால் ஒலியில் நட்டமில்லை: வான் கெல்டர் வெட்டிய அதே அச்சு, பாதிக்கும் குறைந்த விலை. கேட்பதற்காக வாங்குபவருக்கு எங்கள் முதல் சிபாரிசே இந்தக் காதில்லாத தட்டுதான்.

லேபிள் விலாசமும் உதவும், ஆனால் துணைச் சாட்சியாக மட்டும். லெக்சிங்டன் அவென்யூ 1957 வரை, அதன்பின் மேற்கு 63-ஆம் தெரு, 1962 வாக்கில் வெறும் 'நியூயார்க், யு.எஸ்.ஏ.'. லேபிளில் விரலை ஓட்டினால் தட்டுப்படும் ஆழ்ந்த வட்டப் பள்ளம் அழுத்தும் அச்சின் தடம். தேதிக்கு அதை மட்டும் நம்ப முடியாது. விற்பவர் வளையத்தின் படம் அனுப்ப மறுத்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கே: ஐரோப்பாவில் அழுத்திய, சானி ரோலின்ஸின் 180 கிராம் 'சாக்ஸபோன் கொலோசஸ்' மலிவாகக் கிடைத்தது. கூடுதல் பாட்டு வேறு. ஆனால் ஒலி மந்தமாக இருக்கிறது. கனமான தட்டு நன்றாக ஒலிக்க வேண்டாமா? - வாசகர், சிங்கப்பூர்

ப: 180 கிராம் என்பது பிளாஸ்டிக்கின் எடை. ஒலி எந்தத் தாயிலிருந்து பிறந்தது என்று அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டு. 2013-ல் 70 ஆக நீட்டினார்கள். ஆனால் அதற்குள் காலாவதியானவற்றுக்கு உயிர் திரும்பவில்லை. எனவே 1962 இறுதிக்குள் வெளியானவற்றை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மூல டேப் அவர்களிடம் இருக்காது. பெரும்பாலும் ஒரு சி.டி.யே மூலம்.

கண்டுபிடிக்க வழி உண்டு. மூல டேப்பிலிருந்து வெட்டியவர்கள் அதை உறையில் கொட்டை எழுத்தில் சொல்லிக்கொள்வார்கள், வெட்டியவர் பெயரோடு. இங்கே அந்த வரியே இருக்காது. கூடுதல் பாட்டும் இலவசமல்ல. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் என்பது வசதியான அளவு. அதை 26, 27 என்று நீட்டினால் பள்ளங்களை நெருக்கி, ஒலி மட்டத்தையும் பாஸ் என்னும் தாழ்ந்த ஒலிகளையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். நீங்கள் சொல்லும் மந்தத்தில் பாதி அதுதான்.

ரோலின்ஸின் இந்தத் தட்டு பிரஸ்டீஜ் நிறுவனத்தின் 7079-ஆம் எண், 22 ஜூன் 1956 பதிவு. நல்ல பதிப்பு வேண்டுமென்றால் 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்' என்ற வரிசையின் பழைய தட்டைத் தேடுங்கள். 1982-ல் தொடங்கிய வரிசை அது. உறை மெலிசு, தட்டும் மெலிசு, ஒலி நேர்மை. முதல் பாட்டான 'செயின்ட் தாமஸ்' தொடக்கத்தில் மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸ் ஒவ்வொன்றும் தோலும் கோலுமாகத் தனித்தனியே கேட்க வேண்டும். ஒரே கூடையில் உருட்டியதுபோல் கேட்டால் மூலம் சரியில்லை.

கே: மோனோவா, ஸ்டீரியோவா? - வாசகர், மதுரை

ப: தேதியைப் பொறுத்தது. வான் கெல்டர் 1957 தொடக்கம் வரை மோனோவில் மட்டுமே பதிந்தார். பிறகு சில காலம் மோனோவுக்கு ஒரு டேப், ஸ்டீரியோவுக்கு ஒரு டேப் என்று இரண்டு இயந்திரம் ஓடின. 'ப்ளூ டிரெய்ன்' (15 செப்டம்பர் 1957) அந்தக் காலத்தது. அதனால்தான் 2022-ல் டோன் பொயட்டில் மோனோ ஒன்று, ஸ்டீரியோ ஒன்று எனத் தனித்தனியாக வெளியிட முடிந்தது. எங்கள் ஓட்டு மோனோவுக்கு. 1958-ன் கடைசியிலிருந்து ஸ்டீரியோ டேப் மட்டும்தான். மோனோ தட்டை அந்த டேப்பின் இடம், வலம் இரண்டு ஒலியையும் ஒன்றாகக் கலந்து வெட்டினார்கள். எனவே 'சோல் ஸ்டேஷன்' மோனோவுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. ஸ்டீரியோ தட்டைப் போட்டு ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால் ஏறக்குறைய அதே பண்டம்.

ஒரு விஷயம். அக்கால ஸ்டீரியோவில் ஊதுகருவி இடதுபக்கம், டிரம்ஸ் வலதுபக்கம், பியானோவும் பாஸும் நடுவில் என்று பிரித்து நிறுத்தியிருப்பார்கள். ஸ்பீக்கரில் இனிக்கும், ஹெட்ஃபோனில் இடது காதில் மோப்ளி, வலது காதில் பிளேக்கி என்று தலை கனக்கும். ஹெட்ஃபோன்காரர்களுக்கு மோனோதான் நிம்மதி.

மோனோ பொத்தான் இல்லாதவர்கள் ஒய் வடிவ இணைப்பான் இரண்டு வாங்கி, இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி மறுபடி பிரிக்கலாம். பழைய மோனோ தட்டின் தூசிச் சத்தம் பாதி அடங்கும். அதைப் போட வேண்டிய இடம் டர்ன்டேபிளுக்கும் போனோ ப்ரீஆம்புக்கும் (ஊசி தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) இடையில். ப்ரீஆம்பைத் தாண்டிப் போடாதீர்கள். ப்ரீஆம்பிலிருந்து வெளிவரும் இடம், வலம் இரண்டு சிக்னலும் ஒன்றையொன்று எதிர்த்து ஓடும். டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

கே: பழைய தட்டு ஒன்றில் பி.எஸ்.டி. 81-ல் தொடங்கும் எண். ஸ்டீரியோ என்று போட்டிருக்கிறது, ஆனால் குளியலறையில் வாசிப்பதுபோல் எதிரொலி. - வாசகர், திருச்சி

ப: உறையில் பொடி எழுத்தைப் படியுங்கள். 'மின்னணு முறையில் ஸ்டீரியோபோல் மறுபதிவு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மோனோ டேப்பை எடுத்து, ஒரு பக்கம் பாஸ், மறுபக்கம் ட்ரெபிள் என்று பிரித்து 1960-களின் கடைசியில் விற்ற போலி ஸ்டீரியோ அது. அந்த எண் வரிசையில் உண்மையான ஸ்டீரியோவும் கலந்திருப்பதால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பிரஸ்டீஜிலும் இதே கூத்து நடந்தது.

கே: 'மோனின்' தட்டில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ட்ரம்பெட் கரகரக்கிறது. தட்டை மாற்றியும் அதே கதை. - வாசகர், யாழ்ப்பாணம்

ப: தட்டு மாறியும் போகவில்லை என்றால் ஊசியைத்தான் சந்தேகிக்க வேண்டும். 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடும், லேபிள் பக்கம் வந்தால் 21 செ.மீ.தான். அதே ட்ரம்பெட் அலையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டியிருக்கிறது. கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் தலை, ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றாலும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

கார்ட்ரிட்ஜை நேர்படுத்தும் அளவுத்தாளை வைத்து, தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் உடல் கோட்டுக்கு இணையாக நிற்கிறதா பாருங்கள். பிறகு ஊசியின் எடை: தயாரிப்பாளர் 1.8 முதல் 2.2 கிராம் என்று சொல்லியிருந்தால் 2.0-க்குக் கீழே இறங்காதீர்கள். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்பது தவறு. பள்ளத்துக்குள் தத்தித் திரியும் ஊசிதான் சுவரைச் சிதைக்கும். அடுத்து ஆன்டிஸ்கேட்டிங், அதாவது ஊசிக்கை உள்பக்கம் இழுபடுவதைச் சரிக்கட்டும் அமைப்பு. கரகரப்பு வலது ஸ்பீக்கரில் மட்டும் என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். கூம்பு ஊசி என்றால் நீள்வட்ட ஊசிக்கு மாறினால் பெரிய வித்தியாசம் தெரியும். இத்தனைக்கும் பிறகு கரகரத்தால், முன்பு யாரோ தேய்ந்த ஊசியால் உழுத தட்டு அது. அதற்கு மருந்து கிடையாது.

கே: மழைக்காலத்தில் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. எப்படிக் கழுவுவது? - வாசகர், நாகர்கோவில்

ப: வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) 800 மி.லி., 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., ஃபோட்டோக் கழுவலுக்கு விற்கும் ஈரமூட்டி இரண்டு மூன்று சொட்டு. வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு, முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு கரைசலைப் பரப்பி, பள்ளம் ஓடும் திசையிலேயே மென்தூரிகையால் சுற்றுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிளில் படவே கூடாது. கடைசியில் வெறும் வடிநீரில் ஒரு அலசு. இந்த அலசலை விட்டால் ஈரமூட்டியின் படலம் காய்ந்து ஊசியில் சேறாகச் சேரும். பாட்டியின் 78 வேகத் தட்டுகளை இந்தக் கரைசலில் கழுவாதீர்கள்: அவை ஷெல்லாக், ஆல்கஹால் அவற்றைக் கரைத்துவிடும்.

கழுவிய தட்டைப் பூஞ்சை பிடித்த பழைய உள்ளுறைக்குள் திரும்பப் போடுபவர்கள்தான் மறுவருடம் மறுபடி எழுதுகிறார்கள். புதிய பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். ப்ளூ நோட் அச்சிட்ட பழைய உள்ளுறை என்றால் எறிய வேண்டாம். வெயிலில் காயவைத்துத் தனியாக வையுங்கள், தேதி கண்டுபிடிக்க உதவும். வெளியுறை பி.வி.சி.யில் வேண்டாம். அதிலிருந்து கசியும் ரசாயனம் தட்டின்மேல் புகைபோல் படியும். எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது.

கே: டர்ன்டேபிளுக்கு வசதியில்லை. சி.டி. போதுமா? - வாசகர், சேலம்

ப: தாராளமாக. 1999 முதல் வந்த ஆர்.வி.ஜி. பதிப்புகள் வான் கெல்டரே முதுமையில் மாஸ்டரிங் (இறுதி ஒலிச் சீரமைப்பு) செய்தவை. கொஞ்சம் சத்தம் தூக்கல், ஊதுகருவி முகத்துக்கு நேரே வரும். காது வலித்தால் 1980-களின் பழைய சி.டி.யைத் தேடுங்கள், அது அமைதி. ஆனால் ஆர்.வி.ஜி. பதிப்பு 'மோனின்' வாங்கினால் எல்.பி.யில் இல்லாத ஒரு சின்னத் துண்டு கிடைக்கும்: பாட்டு தொடங்கும் முன் லீ மார்கனும் வான் கெல்டரும் பேசிக்கொள்வது. மார்கனுக்கு அப்போது வயது 20.