பஸ்ஸில் வாய் திறக்கப் பயமா? கேளுங்க, சொல்றேன்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேசக் கூச்சம், பேசப் பயம் என்று வந்த கேள்விகளுக்குப் பதில்.

டீச்சர், தினமும் பாலக்காட்டுக்குக் காலேஜ் போறேன். என் ஸ்டாப்பில் இறங்கணும்னு சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்கினால்தான் இறங்குவேன். ரெண்டு தடவை அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்தேன். (வேலந்தாவளம், மாணவி)

நடந்து வரும்போது ‘அப்பாடா’ன்னு இருந்திருக்குமே கண்ணு? அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. தப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் ‘வாயை மூடினதால பிழைச்சோம்’னு மனசு கணக்கு எழுதிக்குது. பேசியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு அது தெரிஞ்சுக்க வழியே இல்லை.

முதல் வாரம் டிக்கெட் வாங்கும்போது கண்டக்டர் முகத்தைப் பார்த்து ஊர்ப் பேர் சொல்லுங்க, அது போதும். அப்புறம் கூட்டமில்லாத பஸ்ஸில் ‘ஆளிறங்ஙானுண்டு’ (ஆள் இறங்கணும்)னு ஒரு குரல். பிறகு காலைக் கூட்டத்தில். நெஞ்சு படபடக்கும். அது நிக்கட்டும்னு காத்திருந்தா ஸ்டாப் போயிடும், படபடப்போடயே சொல்லுங்க. காதில் ஹெட்செட்டை மாட்டிட்டு ஒளியறதும், சொல்லப்போறதை மனசுக்குள்ள பத்துத் தடவை ஓட்டிப் பார்க்கறதும் வேண்டாம். அதுவும் தப்பிக்கற வேலைதான்.

ஆபீசில் மலையாளம் பேசினா தமிழ் கலந்துடுது, சிரிக்கறாங்க. அதனால மகனையே அனுப்பறேன். (வண்ணாமடை, விவசாயி)

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு சார் ‘ஒந்நு சம்சாரிக்கணும்’னார். சம்சாரத்தை எதுக்கு இழுக்கறார்னு திகைச்சு நின்னேன்! பேசணும்னுதான் சொல்லியிருக்கார். நானும் சேர்ந்து சிரிச்சேன், அன்னைக்கே பாதி பயம் போச்சு.

இன்னொண்ணு, மலையாளத்தில் நான், நீ, அவள் எல்லாத்துக்கும் ‘போயி’தான். நம்ம ‘போனேன், போனாய், போனாள்’ தொல்லை அங்கே கிடையாது. குறை தீர்க்கக் கேட்டு எழுதற மனுவைத் தமிழிலேயே கொடுக்க அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை தருது. அதுக்காக வாயை மூடிக்காதீங்க. அடுத்த தடவை மகன் பக்கத்தில் நிக்கட்டும், பேசறது நீங்க.

பேசும்போது கை நடுங்கறதை எல்லாரும் பார்க்கறாங்க. (சித்தூர்)

நீங்க நினைக்கற அளவுக்கு இல்லை. 2000இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு. சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டோட மாணவர்களை ஒரு அறைக்குள்ள அனுப்பினாங்க. பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்கன்னு அவங்க நினைச்சாங்க. உண்மையில் படத்தைக் கவனிச்சது நாலில் ஒரு பங்குதான்.

மாத்திரை உண்டா?

மேடை நடுக்கத்துக்கு டாக்டர்கள் சிலருக்கு ப்ரோப்ரனலால் தருவாங்க. ஆஸ்துமா உள்ளவங்களுக்கு அது ஆபத்து. கடையில் தானா வாங்காதீங்க.

மகளுக்கு ஆறு வயசு. வீட்டில் வாயாடி, ஸ்கூலில் ஒரு வார்த்தை பேசறதில்லை. திமிர்ங்கறாங்க. (கோவிந்தாபுரம், அம்மா)

திமிர் இல்லைம்மா. சேர்ந்த முதல் மாசத்தில் பிள்ளைங்க அமைதியா இருக்கறது சகஜம். வீட்டில் தமிழ், ஸ்கூலில் மலையாளம்னா இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். அதையும் தாண்டி நீண்டா அது ஒருவகைப் பதற்றம். ‘பேசு, பேசு’ன்னு எல்லார் முன்னாலயும் நெருக்க வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க. ஸ்கூல் விட்டதும் காலி வகுப்பில் நீங்களும் அவளும் மட்டும் உட்கார்ந்து விளையாடுங்க. அங்கே அவ குரல் வந்த பிறகு ஒரு தோழியைச் சேர்த்துக்குங்க. டீச்சர் கடைசியா வரட்டும். எங்கே காட்டறதுன்னு கேட்க 14416க்கு அடிங்க. டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண் அது, காசு கிடையாது. தமிழிலும் பேசலாம்.