கற்பனை நாட்டில் ராணுவக் கலகம்: நாவலுக்குள் அதை நம்ப வைப்பது எப்படி?

கேள்வி: மத்திய ஆப்பிரிக்காவில் ஒரு கற்பனை நாட்டை வைத்து நாவல் எழுதுகிறேன். அங்கே இரண்டு இனக்குழுக்கள், இரண்டுக்கும் பரம்பரைப் பகை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கர்னல் கலகம் செய்கிறார். அன்றிரவே நாடெங்கும் கொலைகள் தொடங்குகின்றன. படித்துப் பார்த்த நண்பர் நம்பும்படியாக இல்லை என்கிறார். எதை மாற்றலாம்?

பதில்: முதலில் அந்தப் பரம்பரைப் பகையை எடுத்துவிடுங்கள். உங்கள் நாட்டுக்கு மிக நெருங்கிய உண்மை உதாரணம் புருண்டி. அங்கே ஹூட்டு, டுட்சி என்ற இரண்டு இனக்குழுக்களும் ஒரே கிருண்டி மொழியைத்தான் பேசுகிறார்கள், ஒரே குன்றுகளில் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். இன மோதல் என்றதும் நம் வாசகர்கள் இரண்டு மொழிகளை நினைப்பார்கள். அதனால் இந்த நெருக்கத்தைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுங்கள். உயரம், மூக்கு என்று ஆளைப் பிரித்துக் காட்டும் வர்ணனையும் வேண்டாம். இதே இரண்டு இனங்கள் வாழும் பக்கத்து நாடான ருவாண்டாவில், டுட்சிகளைக் கொன்று குவித்த 1994 படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். பெல்ஜிய ஆட்சிக் காலத்தில் இனத்தைக் குறித்து வழங்கத் தொடங்கிய அட்டை அது. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும் என்றால் அட்டையைக் கேட்க வேண்டியிருந்திருக்காது.

அப்புறம், நாட்டின் வரலாற்றை எழுதும் முன் ராணுவத்தின் ஆள் பட்டியலை எழுதுங்கள். அதிகாரிகள் யார், எந்த ஊர், யாரை எப்போது நீக்கினார்கள்? என் பார்வையில் முழுக் கதையும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. 1965 அக்டோபரில் புருண்டியில் ஹூட்டு அதிகாரிகள் சிலர் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றார்கள். அதற்குப் பழியாகப் பல ஹூட்டு அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1972இல் தெற்கே ஒரு கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்குகிறோம் என்று ராணுவம் படித்த ஹூட்டுக்களைத் தேடித் தேடிக் கொன்றது. ஆசிரியர்கள், எழுத்தர்கள், பள்ளி மாணவர்கள் வரை யாரையும் விடவில்லை. செத்தவர்கள் ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பதே பெரும்பாலான மதிப்பீடு. அதோடு ராணுவம் ஏறக்குறைய முழுதாக டுட்சிகளின் கைக்குப் போனது.

ஆனால் "டுட்சி ராணுவம்" என்று சொல்லி நிறுத்தினாலும் போதாது. 1966 முதல் 1993 வரை ஆண்ட மிக்கோம்பெரோ, பகாசா, புயோயா மூவரும் ராணுவ அதிகாரிகள், மூவரும் தெற்கே புரூரி மாகாணத்துக்காரர்கள். பகாசா மிக்கோம்பெரோவைக் கவிழ்த்தார், புயோயா பகாசாவைக் கவிழ்த்தார். ஒரே இனம், ஒரே மாகாணம் என்றாலும் நாற்காலிச் சண்டை நிற்கவில்லை. உங்கள் கர்னலின் முதல் எதிரியும் அவர் ஊர்க்காரராகவே இருக்கட்டும்.

இனி முக்கியமான கேள்வி: கர்னல் ஏன் கலகம் செய்கிறார்? வெறுப்பு என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார். பயம் என்று எழுதுங்கள், அல்லது சம்பளம் என்று எழுதுங்கள். 1993 ஜூனில் புருண்டி மக்கள் மெல்கியோர் எண்டடாயேவைத் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டின் முதல் ஹூட்டு அதிபர். அவர் ஒரு டுட்சிப் பெண்மணியைப் பிரதமராக்கினார். அப்படியும், இனி ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முறை மாறிவிடும், நம் பிடி போய்விடும் என்று பல அதிகாரிகள் பயந்தார்கள். அக்டோபர் 21 அன்று ராணுவத்தினர் அவரைக் கொன்றார்கள். கலகக்காரர்களால் ஆட்சியில் நிலைக்க முடியவில்லை. ஆனால் பழிக்குப் பழி குன்று குன்றாகப் பரவி, பல ஆண்டு உள்நாட்டுப் போராக மாறியது.

சம்பளத்தில் தொடங்கியதற்கு மத்திய ஆப்பிரிக்கக் குடியரசைப் பாருங்கள். அதிபராக இருந்த கொலிங்பா தன் யகோமா இனத்தவரை ராணுவத்தில் நிரப்பியிருந்தார். 1993 தேர்தலில் வடக்கத்திக்காரரான பத்தாஸே வென்றார். 1996 ஏப்ரலில் தலைநகர் பாங்கியில் சிப்பாய்கள் சம்பள பாக்கியைக் கேட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மூன்றாம் கலகம் வந்தபோது கோரிக்கை அதிபர் பதவி விலகவேண்டும் என்றாகிவிட்டது. நகரமும் இனவாரியாகப் பிளந்து நின்றது. பாக்கிச் சம்பளத்தில் தொடங்கி இனப்பிளவில் முடிய ஏழு மாதம் போதுமானதாக இருந்தது. உங்கள் நாவலில் இல்லாதது இந்த ஏழு மாதம்தான்.

ஆகவே மூன்றாம் அத்தியாயத்தில் கலகம் இருக்கட்டும், ஆனால் சம்பளக் கலகமாக. பாதிப் பணம் கொடுத்துச் சமாளிக்கும் அரசு, அதிபரின் மெய்க்காவல் படைக்கு மட்டும் புதுத் துப்பாக்கிகள், இரவோடு இரவாக இடமாற்றம் செய்யப்படும் அதிகாரிகள் என்று நான்கைந்து அத்தியாயம் நகர்த்துங்கள். கொலைகள் அதன் பிறகு வரட்டும்.

ஆட்சிக் கவிழ்ப்பு நடக்கும் நாளை எழுத, 2015 மே மாதம் புருண்டியில் தோற்றுப்போன முயற்சியைப் படியுங்கள். அதிபர் தான்சானியாவில் இருந்தபோது ஜெனரல் நியோம்பாரே தனியார் வானொலியில் ஆட்சி கவிழ்ந்ததாக அறிவித்தார். அரசு வானொலி நிலையமோ அதிபருக்கு விசுவாசமான படையிடமே இருந்தது. அதைப் பிடிக்கத்தான் மறுநாள் கடும் சண்டை. இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. அதிபரும் ஹூட்டு, ஜெனரலும் ஹூட்டு என்பதையும் கவனியுங்கள்.

கதை இரண்டு தலைமுறை நீளுமானால் எல்லை தாண்டிப் போன குடும்பங்களையும் எழுதுங்கள். 1990 அக்டோபர் 1 அன்று ருவாண்டாவுக்குள் புகுந்த படையில் பெரும்பாலோர் 1959க்குப் பின் அந்நாட்டிலிருந்து தப்பி ஓடிய டுட்சிக் குடும்பங்களின் பிள்ளைகள். பலர் உகாண்டா ராணுவத்தில் போர் பழகியவர்கள். உங்கள் முதல் அத்தியாயத்தில் எல்லை தாண்டும் குழந்தைகளில் ஒருவனுக்கு இப்போதே பெயர் வைத்துவிடுங்கள், கடைசிப் பகுதியில் அவன் தேவைப்படுவான்.