சில மாடுகளும் ஆடுகளும் உள்ள சிறு பண்ணையில் சாணத்தைக் குறைந்த செலவில் பதப்படுத்துவது எப்படி?

எதையும் வாங்குவதற்கு முன், கொட்டகைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். மழைநீரும் கழுவும் நீரும் சாணத்தோடு கலந்தால் எந்த முறையாக இருந்தாலும் செலவு ஏறும். கூரை நீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். சாணத்தைத் தண்ணீர் விட்டுத் தள்ளாமல் வாரி எடுங்கள். கழிவில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறக்குறையப் பாதி சிறுநீரோடு வெளியேறுவதால், அதை உறிஞ்சிக்கொள்ள வைக்கோலோ சருகோ மரத்தூளோ தரையில் பரப்புங்கள்.

இவற்றையெல்லாம் செய்தவருக்கு மட்க வைப்பதே மிக மலிவான வழி. என் தேர்வும் அதுதான். குழி வேண்டாம், மழை தேங்கினால் உள்ளே காற்று போகாது. கிணற்றுக்குத் தள்ளி, மேடான இடத்தில் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரமும் அகலமும் வருமாறு குவியுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியலாம், ஒழுகக் கூடாது. நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சற்று நேரம் கழித்து உருவினால், கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். 55 பாகை செல்சியஸுக்கு மேல் பல நாட்கள் நின்றால் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் களை விதைகளும் மடியும். ஓரத்தில் இருப்பது அவ்வளவு சூடாகாது. அதனால்தான் கிளறி உள்ளே தள்ள வேண்டும். மூக்கைத் துளைக்கும் காரநெடி வந்தால் உலர்ந்த சருகு சேருங்கள். அழுகல் நாற்றம் என்றால் காற்று போதவில்லை, கிளறுங்கள். கோழி எச்சம் கலப்பவர்களுக்குச் சருகு இன்னும் நிறையவே தேவைப்படும்.

மட்கவைக்கும் நுண்ணுயிர்த் தூள்களுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். சாணத்திலேயே அந்த நுண்ணுயிர்கள் ஏராளம்.

சாண எரிவாயுக் கலன் நல்லதுதான். 25 கிலோ புதுச் சாணத்தில் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஆனால் நாள்தோறும் சாணமும் அதே அளவு தண்ணீரும் ஊற்ற வேண்டும், குளிர் நாட்களில் வாயு குறையும். முக்கியமாக, கழிவின் அளவு இதனால் பெரிதாகக் குறைவதில்லை. உள்ளே போனதில் ஏறக்குறைய அத்தனையும் கரைசலாக வெளியே வரும். அதைப் பாய்ச்ச நிலமும், வாயுவை எரிக்கத் தினசரி அடுப்பும் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

மண்புழு உரத்தை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சாணத்தின் சூட்டில் புழுக்கள் செத்துவிடும். 35 பாகையையே அவை தாங்காது. குவியல் சூடு தணிந்த பிறகு அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, நிழலில் பரப்பிப் புழுவை விடுங்கள்.