மருந்தாளுநர் பதில்கள்: மாத்திரையின் நிறம் மாறினால் மருந்தும் மாறிவிட்டதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்குகிறோம். இம்முறை வெள்ளை மாத்திரைக்குப் பதிலாக இளஞ்சிவப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். விலை குறைந்த மருந்தை மாற்றித் தந்துவிட்டார்கள் என்று அம்மா சாப்பிட மறுக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்து, பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் மூலப்பெயரையும் அதன் மில்லிகிராம் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், நிறம் எதுவானாலும் மருந்து ஒன்றுதான். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வணிகப் பெயர் பார்க்காமல் மூலப்பெயரைக் கொண்டே ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. மருந்து வழங்கும் நிறுவனம் மாறும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறுவது இயல்பு. கிடங்குக்கு வரும் மருந்தின் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி, தரம் உறுதியான பிறகுதான் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் அம்மாவின் சந்தேகத்தில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. நிறத்தைக் கொண்டுதான் அவர் மாத்திரையை அடையாளம் வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட பெயரை அவர் எப்படிப் படிப்பார்? மாத்திரையைக் கையில் கொடுத்தபோதே "இது அதே மருந்து, நிறம் மட்டும்தான் வேறு" என்று எங்களில் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் குறைதான்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு முதியவரை வியர்த்து நனைந்து, பேச்சுக் குழறிய நிலையில் கொண்டுவந்தார்கள். ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி அவர் தெளிந்த பிறகு, அவருடைய மனைவி மஞ்சப்பையைக் கட்டிலின் மேல் கவிழ்த்தார். உள்ளே இருந்தவை இரண்டு அட்டைகள். ஒன்று அரசு மருத்துவமனையில் தந்தது, மற்றொன்று தனியார் மருத்துவர் எழுதிக் கடையில் வாங்கியது. நிறமும் வணிகப் பெயரும் வேறுவேறாக இருந்தாலும் இரண்டிலும் இருந்தது கிளிமிபிரைடு என்ற ஒரே சர்க்கரை மருந்து. காலையில் இதில் ஒன்று, அதில் ஒன்று என இரண்டையும் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். சொன்னதைத் தட்டாமல் கேட்ட மனிதருக்குத்தான் அந்த நிலை வந்தது. தனியார் மருத்துவருக்கு அரசு மருத்துவமனையில் என்ன கொடுத்தார்கள் என்று தெரியாது. அரசு மருத்துவருக்கு இவர் வெளியே காட்டியது தெரியாது. இரண்டு அட்டைகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், நாட்டு மருந்து உட்பட வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அம்மாவை அடுத்த முறை சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, மருந்தாளுநர் வாயாலேயே விளக்கம் கேட்க வையுங்கள். மகள் சொல்வதைவிட அது எடுபடும். அதுவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகனுக்கு அங்குள்ள மருத்துவர் புதிய மருந்து ஒன்றை எழுதினார். காப்பீட்டு நிறுவனமோ, பழைய மருந்தை முதலில் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் இதற்குப் பணம் தருவோம் என்கிறதாம். மருத்துவர் எழுதியதை மறுக்க இவர்கள் யார்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அங்கே காப்பீட்டுத் திட்டம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மருந்துப் பட்டியலை வைத்திருக்கிறது. மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் கொண்ட குழு, மருந்தின் பயனையும் பாதுகாப்பையும் ஆராய்ந்து, விலையையும் கணக்கில் கொண்டு அதை வகுக்கிறது. சில மருந்துகளுக்கு முன் அனுமதி வேண்டும். சிலவற்றுக்கு, நெடுநாள் பழகிய மருந்து பலன் தராதபோதுதான் அடுத்த படிக்குப் போகலாம். நம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சைக்கு முன் ஒப்புதல் வாங்குகிறோம் அல்லவா, ஏறக்குறைய அதைப் போன்றதுதான். பழைய மருந்து உங்கள் மகனுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதற்குக் காரணம் இருந்தால், மருத்துவர் அதை எழுதி விதிவிலக்குக் கேட்கலாம். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருந்துத் திட்டத்தில் இத்தகைய கோரிக்கைக்கு, மருத்துவரின் விளக்கம் கிடைத்த 72 மணி நேரத்துக்குள்ளும், அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள்ளும் பதில் தர வேண்டும். தனியார் திட்டங்களின் விதிகள் வேறுபடும் என்பதால், மேல்முறையீட்டு வழியை மகன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பட்டியல் வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அளவான பட்டியல் இல்லாமல் ஓர் ஊருக்கே மருந்து கொடுக்க முடியாது. ஆனால் பட்டியலின் காரணத்தை மருத்துவருக்கும் நோயாளிக்கும் விளக்காமல் "கிடையாது" என்று மட்டும் சொல்வது சிகிச்சையையே கெடுத்துவிடும். 1983இல் ஜெர்ரி ஏவோர்ன், ஸ்டீபன் சுமெராய் இருவரும் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 435 மருத்துவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். தேவைக்கு மேல் எழுதப்பட்டுவந்த சில மருந்துகளைப் பற்றி ஒரு பிரிவு மருத்துவர்களுக்கு அச்சிட்ட தாள்களை மட்டும் அஞ்சலில் அனுப்பினார்கள். குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. இன்னொரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் நேரில் சந்தித்துப் பேசினார்கள். அவர்கள் அம்மருந்துகளை எழுதுவது 14 சதவீதம் குறைந்தது. நம் மாவட்டங்களிலும் சுற்றறிக்கைக்குக் குறைவில்லை. மாதம் ஒருமுறை ஒரு மருந்தாளுநர் மருத்துவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வழி செய்தால் போதும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: அஞ்செட்டி பக்கம் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் நான். பலர் கன்னடம் பேசுகிறவர்கள். புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுகிறார்கள். அடுத்த மாதம் போனால் பாதி மாத்திரை மீந்திருக்கிறது.
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டம் நிற்பது உங்களைப் போன்றவர்களின் கால்களில்தான். "புரிந்ததா?" என்ற கேள்விக்கு எந்த ஊரிலும் "ம்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "நாளைக் காலையில் எதை, எப்போது சாப்பிடுவீர்கள், எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் அட்டையை எடுத்துக் காட்டும்போது, நாம் எந்த இடத்தில் சரியாகச் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும். அட்டையில் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து கொடுத்தால் மொழி குறுக்கே வராது. "சாப்பாட்டுக்குப் பின்" என்பதைவிட "களி சாப்பிட்டதும்" என்று சொல்லிப் பாருங்கள்.

மீந்த மாத்திரையைக் கண்டதும் கடிந்துகொள்ளாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். விடியுமுன் சாமந்தி பறிக்கப் போகிற பெண் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவாள். வெறும் வயிற்றில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் போட்டுக் குமட்டியதால் விட்டிருப்பாள். ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கியவரும், எனலாபிரில் விடாமல் வறட்டு இருமல் வந்தவரும் யாரிடமும் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட காரணத்தை உங்கள் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் சேருங்கள். நேரத்தையோ மருந்தையோ மாற்றித்தர அவரால் முடியும், ஆனால் அவருக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: சர்க்கரை மாத்திரை பெரிதாக இருக்கிறது. அப்பாவுக்குப் பொடித்துக் கொடுக்கலாமா?
– வாசகர், அரூர்

பதில்: அட்டையில் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று இருந்தால் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மருந்தைப் பல மணி நேரம் சிறுகச் சிறுக வெளியிடும்படி செய்த மாத்திரை அது. பொடித்தால் முழு அளவும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமம் என்று மருத்துவரிடம் சொல்லிச் சாதாரண மெட்ஃபார்மினாக மாற்றிக் கேளுங்கள். நாளைக்கு எத்தனை வேளை என்பதையும் அவரே மாற்றி எழுதித் தர வேண்டும். இவ்வகை மாத்திரைகள் சிலவற்றின் கூடு மலத்தில் அப்படியே வெளியேறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். மருந்து உள்ளே இறங்கிய பிறகுதான் அந்தக் கூடு வருகிறது.